செத்த மரங்களின் ஏரி

கூடலூரில் நெல் போடுகிற அப்பாவுக்குத் தேக்கடியில் அதுதான் முதல் படகுச் சவாரி. ‘நம்ம வயலுக்கு வர்ற தண்ணியப் பாக்க டிக்கெட்டா?’ என்றார். ஏரிக்குள் கருத்த மரத்தண்டுகள் துருத்திக்கொண்டு நின்றன, மேலே நீர்க்காகங்கள். ‘தாத்தா, இதெல்லாம் ஏன் செத்துப்போச்சு?’ என்று மகள் கேட்டாள்.

கேள்வி சரியானது. ‘இயற்கை’ என்று நாம் பார்க்கப் போனது ஓர் ஒப்பந்தத்தின் விளைவு. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் சமஸ்தானம் 8,000 ஏக்கரை, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம், 999 வருஷக் குத்தகைக்கு பிரிட்டிஷ் அரசுக்கு எழுதிக்கொடுத்தது. 1895இல் அணை முடிந்தது. மேற்கே ஓடிய ஆற்றின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பியது, காடு முங்கியது. சரணாலயம் 1934இல், புலிகள் காப்பகம் 1978இல். அணை முந்தி, ‘இயற்கை’ பிந்தி. இந்த வரிசையைத்தான் சுற்றுலா அழிக்கிறது.

நாம் மட்டும் என்ன? கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலம் இந்தத் தண்ணீரில் விளைகிறது. எங்கள் வீட்டுச் சுவரில் பென்னிகுவிக் படம் இருக்கிறது; லோயர் கேம்பில் 2013இல் மணிமண்டபமும் வந்துவிட்டது. அந்த நன்றி நியாயமானதுதான். ஆனால் அணை வேலையில் காலராவிலும் மலேரியாவிலும் செத்த கூலிகளுக்கு, காட்டிலிருந்து குமுளி ஓரத்துக்கு நகர்த்தப்பட்ட மன்னான்களுக்கும் பளியர்களுக்கும், நம் சுவரில் இடமில்லை. பெயர் தெரிந்தவருக்கு மட்டுமே நன்றி சொல்லப் பழகியிருக்கிறோம்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பேத்தியிடம் சொன்னார்: ‘நாம சோறு திங்கத்தாம்மா.’

நான் வாசித்த வரலாறுகளில் இந்த ஒரு வரி இல்லை.