முத்சியோ ஆட்டத்தின் கர்த்தா யார்?

முத்சியோ காம்பிட்டின் அமைப்பு சதுரங்கம் பயின்றோர் அறிந்ததே. ராஜா காம்பிட்டில் கறுப்பின் காலாள் முன்னேறி வந்து குதிரையை மிரட்டும்போது, வெள்ளை அக்குதிரையை அப்புறப்படுத்தாமல் கோட்டை கட்டிவிட்டு, ஐந்தாவது நகர்விலேயே ஒரு முழுக் காயைப் பலிகொடுத்து, அதற்கு ஈடாக ராணி, மந்திரி, யானை மூன்றையும் எதிரி ராஜாவின் பக்கத்துக் காலாள் ஒன்றின் மேல் ஏவுகிறது. இத்துணை அபாயகரமான யுக்திக்கு முத்சியோ என்பவரே கர்த்தா என்று லண்டன் ஆட்டக்காரர் ஜேக்கப் ஹென்றி சாரட், தமியானோ, ருய் லோபஸ், சால்வியோ ஆகியோரின் நூல்களை 1813இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது கொண்ட அபிப்பிராயமே ஆட்டத்தின் பெயராக நிலைத்துவிட்டது. அது பிழை என்பதைப் பின்வந்த சரித்திர ஆசிரியர்கள் சுட்டியிருக்கிறார்கள். ஆயினும் அப்பிழை நம் கண்ணிலிருந்து எதை மறைத்தது என்பது விசாரணைக்குரியது.

நேப்பிள்ஸ் நகரத்துச் சால்வியோ கூறியது வேறு. டான் ஜெரோனிமோ காஷோ என்பவர் இவ்வாறு ஆடக் கண்டு அதைத் தமக்குத் தெரிவித்தவராகவே முத்சியோ தலெசாந்த்ரோவை அவர் குறிப்பிடுகிறார். சாட்சியாக நின்றவரை கர்த்தாவின் ஸ்தானத்தில் வைத்தார் சாரட். ஏட்டைப் படியெடுத்தவரின் பெயரை நூலாசிரியரின் பெயராகக் கொள்வதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. இனி, காஷோவையே கர்த்தாவாகக் கொள்ளலாமோ எனில், அதற்கும் பிரமாணம் போதாது. 16ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்த பொலேரியோவின் கையெழுத்துப் பிரதிகளிலும் இவ்வாட்டம் காணப்படுகிறது. அப்பிரதிகளின் காலமோ இன்றளவும் திட்டமாக நிர்ணயிக்கப்படவில்லை.

சாரட்டின் கொள்கையில் நான் பெரிதும் மாறுபடுவது பெயரைப் பற்றி அன்று. ஒருவர் கண்டுபிடித்தார் என்று சொன்ன மாத்திரத்தில், அவர் ஆடியதும் நாம் ஆடுவதும் ஒன்றே என்ற எண்ணம் தானாகவே உண்டாகிவிடுகிறது, அவை ஒன்றல்ல. அக்காலத்து இத்தாலியில் கோட்டை கட்டும்போது ராஜாவையும் யானையையும் வைப்பதற்கு இன்றுள்ள நியதி இல்லை. ராஜா மூலைக் கட்டத்திலேயே போய் அமரவும், யானை மந்திரி விட்டுச்சென்ற கட்டத்துக்கு வரவும் இடமிருந்தது. நம் விதிப்படியோ ராஜா மூலைக்கு ஒரு கட்டம் முன்னதாகவே நின்றுவிடுகிறது. அந்த ஒரு கட்டத்தில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இரண்டாவது நகர்விலேயே மந்திரியின் காலாளை முன்தள்ளியதால், இன்றைய விதிப்படி ராஜா நிற்கும் கட்டத்தை நோக்கி வரும் மூலைவிட்டம் திறந்து கிடக்கிறது.

இதைப் பலகையில் வைத்துப் பார்க்கலாம். கறுப்பு ராணி வெளிவந்து, வெள்ளை ஈயும் நடுக்காலாளை வெட்டிய பிறகு, வெள்ளை தன் மந்திரியையும் பலியிட்டுக் கறுப்பு ராஜாவை வெளியே இழுத்து, ராணியின் காலாளை இரண்டு கட்டம் நகர்த்தி அந்த ராணியைத் தாக்குகிறது என்று கொள்வோம். நம் விதிப்படி கறுப்பு ராணி அக்காலாளை வெட்டும்போதே செக்கும் சொல்கிறது. இரண்டு காய்களை இழந்து நிற்கும் வெள்ளை முதலில் தன் ராஜாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ராஜா மூலையில் அமர்ந்திருந்தால் அந்தச் செக் இல்லை. வெள்ளை தனக்கு வேண்டிய காயை வேண்டியபடி நகர்த்தலாம். இத்தாலியர் கொடுத்த பலி நாம் கொடுப்பதைக் காட்டிலும் அபாயம் குறைந்தது என்றே நான் கருதுகிறேன். எதிரியை நகர வழியின்றி அடைத்தவனே தோற்றவன் என்று இங்கிலாந்தில் இருந்த விதி நீங்கி, அது சமநிலையாக ஏற்கப்பட்டதில் சாரட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. விதி மாறினால் ஆட்டத்தின் நியாயமே மாறும் என்பதை அவ்வளவு நன்கு உணர்ந்தவர், இந்த ஆட்டத்தில் மாத்திரம் மனிதரைத் தேடிவிட்டு விதியைக் கவனியாமல் போனது எனக்கு வருத்தமளிக்கிறது.

இவ்விடத்தில் சென்னை வருகிறது. 1829இல் மதராஸில், ஐதராபாத்துடன் நடந்த பந்தயத்தில் மதராஸ் தரப்பின் ஆட்டங்களை நடத்திய குலாம் காசிமும், மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஜேம்ஸ் காக்ரேனும் சேர்ந்து முத்சியோ காம்பிட்டைப் பற்றி ஒரு தனி நூலே வெளியிட்டார்கள். (கல்கத்தாவில் புகழ்பெற்ற ஜான் காக்ரேன் வேறு, இவ்விருவரையும் ஒருவராக மயங்கலாகாது.) குலாம் காசிமின் பெயரால் இன்று வழங்கும் கிளையில், வெள்ளை ஐந்தாவது நகர்வில் கோட்டை கட்டுவதில்லை, குதிரையை விட்டுவிட்டு ராணியின் காலாளை இரண்டு கட்டம் நகர்த்துகிறது. அக்காலாள் போய் நிற்பது மேலே சொன்ன மூலைவிட்டத்தின் குறுக்கே. இத்தாலியர் ராஜாவை அதிலிருந்து விலக்கிக் காத்தார்கள். மதராஸ் கிளையோ வழியையே அடைக்கிறது.

இதற்குக் காரணம் நம் நாட்டு ஆட்ட வழக்கத்தில் இருக்கக்கூடும். இந்திய முறையில் ராஜாவும் யானையும் சேர்ந்து நகரும் கோட்டை கிடையாது. செக் படாத ராஜா ஒருமுறை மட்டும் குதிரையைப்போல் தாவலாம். அவ்வழக்கத்தில் ஊறிய ஒருவர் கோட்டையை அத்தியாவசியமாகக் கருதாமல், முதலில் நடுப்பலகையைப் பார்த்திருப்பார் என்பது இயல்பே. இது ஊகந்தான், நேரான பிரமாணம் எனக்கு அகப்படவில்லை. ஆயினும் 1834இல் லண்டனில் லபூர்தொனேயை எதிர்த்து மக்டொன்னல் அதே ஐந்தாவது நகர்வில் கோட்டை கட்டாமல் மற்றக் குதிரையை வெளிக்கொணர்ந்ததையும் சேர்த்து நோக்கினால், பலிக்கும் கோட்டைக்கும் இருந்த பிணைப்பு அந்தச் சில ஆண்டுகளிலேயே தளர்ந்துவிட்டது தெரிகிறது. மதராஸ் நூலை மக்டொன்னல் பார்த்திருந்தாரா என்பது மட்டும் இன்னும் தீராத கேள்வி.