மெல்லிய தகட்டில் கேஸ் வெல்டிங்கும் சி.ஓ.டூ வெல்டிங்கும்

மேட்டூர் வட்டாரத்தில் வெல்டருக்குப் பஞ்சமில்லை. அனல் மின் நிலையமும் ரசாயன ஆலைகளும் ஊரை ஒட்டியே இருக்கின்றன. பொட்டனேரியில் இரும்பாலை. நாமக்கல் போனால் லாரி பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக். இங்கே தொழிலுக்கு வரும் பையனின் கை பெரும்பாலும் ஆங்கிளிலும் சேனலிலும் குழாயிலும்தான் பழகுகிறது. அதே கை ஒரு காரின் கதவுத் தகட்டுக்கு வந்தால் தடுமாறிவிடும். லாரியில் ஐந்து, ஆறு மில்லி கன ஆங்கிளைப் பற்றவைத்தவனுக்குக் கார்த் தகடு முக்கால் மில்லிதான், கொஞ்சம் முன்பின் இருக்கும். பட்டறைக் கணக்கில் 22 கேஜ், 20 கேஜ். ஆர்க் வெல்டிங்குக்கு வழக்கமாக எடுக்கும் 3.15 மில்லி ராடு அந்தத் தகட்டைப் போல நான்கு மடங்கு தடிமன். ராடை உரசினால் ஒட்டுக்குப் பதில் ஓட்டைதான் விழும்.

அதனால் டிங்கரிங் பட்டறையில் இரண்டு வழிகள் நிலைத்தன. பழையது ஆக்சிஜன்-அசிட்டிலின் கேஸ் வெல்டிங். 1900-களின் தொடக்கத்தில் பிரான்சில் டார்ச் உருவானதிலிருந்து உலகமெங்கும் தகட்டு வேலை அதை வைத்தே நடந்தது. புதியது மிக் வெல்டிங். நம் பட்டறைகளில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரோடு ஓடுவதால் அதற்கு சி.ஓ.டூ என்றே பெயர். 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் அது தொடங்கியபோது அலுமினியத்துக்கும், விலை கூடிய ஆர்கான், ஹீலியம் வாயுக்களுக்கும் உரியதாக இருந்தது. 1950-களில் கார்பன் டை ஆக்சைடைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே இரும்பு வேலைக்குக் கட்டுப்படியாயிற்று.

கற்பவன் பக்கமிருந்து பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரியது. கேஸில் இரண்டு கைக்கும் வேலை உண்டு: வலக்கையில் டார்ச், இடக்கையில் ஃபில்லர் கம்பி. முதலில் தீயைச் சரிசெய்யத் தெரிய வேண்டும். ஆக்சிஜன் கூடினால் உருகிய இரும்பு பொரிந்து கருகும், அசிட்டிலின் கூடினால் புகையும் கரியும். இரண்டும் சமமாகி உள்நாக்கு கூர்மையாகத் தெளியும்போது தீயின் வெப்பம் 3,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும். அந்த நாக்கின் நுனியைத் தகட்டிலிருந்து இரண்டு, மூன்று மில்லி தள்ளிப் பிடித்தால் தகடு சிவந்து, வெளுத்து, ஈரம் பூத்து, சின்னக் குட்டையாக உருகுவதைக் கண்ணால் பார்க்கலாம். குட்டை அகன்று தொய்யத் தொடங்கினால் டார்ச்சைச் சற்றுத் தூக்கினாலே போதும். இந்த மெதுவான ஓட்டம்தான் கேஸின் மிகப் பெரிய நன்மை என்பேன். தவறு நடக்கப் போவதை அது முன்கூட்டியே காட்டிவிடும். திருத்திக்கொள்ளவும் நேரம் கொடுக்கும்.

அந்த நேரத்துக்கு விலை உண்டு. சூடு ஒட்டில் நிற்காமல் தகடு முழுவதும் பரவுகிறது. பேனல் நெளிந்து அலை அடிக்கிறது, பெயின்ட் வெகுதூரம் கருகுகிறது, உள்ளே இருக்கும் மேட், வயர், ரப்பரையெல்லாம் கழற்ற வேண்டியிருக்கிறது. நல்ல டிங்கர் அந்த நெளிவை எடுக்கவும் அறிவார். மேடிட்ட இடத்தில் ஒரு புள்ளியைச் சிவக்கக் காய்ச்சி, சுத்தியலாலும் அடிதாங்கியாலும் தட்டி, ஈரத்துணியால் ஒற்றிச் சுருக்குவார். கேஸ் ஒட்டு மென்மையாக இருப்பதால் சுத்தியலுக்கு இணங்கும். தேர்ந்த கையில் பட்டி தடவும் வேலையே மிகக் குறைந்துவிடும். இந்தத் திறமை இன்று அருகி வருகிறது, அது எனக்கு வருத்தம்தான்.

சி.ஓ.டூ-வில் ஒரு கை போதும். கன்னின் பொத்தானை அழுத்தினால் கம்பி தானாக வரும், ஆர்க் தானாகப் பிடிக்கும். முதல் நாளே ஏதோ ஒரு கோடு போட்டுவிடலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கருவியில் இருப்பவை இரண்டே குமிழ்கள்: வோல்ட், கம்பியின் வேகம். வோல்ட் குறைந்து வேகம் கூடினால் கம்பி தகட்டின் மேல் குவிந்து அழகான வரப்பாக நிற்கும். பார்க்க நிறைவாக இருக்கும். தகட்டுக்குள் அது இறங்கியிருக்காது. கிரைண்டர் வைத்து மேடு எடுத்துப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிட்டால் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. கேஸில் தகடு உருகாமல் ஃபில்லரைச் சேர்ப்பது கடினம், இங்கே மிகச் சுலபம். தவறான ஒட்டு நல்ல ஒட்டைப் போலவே தோன்றும் முறையைப் புதியவனிடம் தனியாக விட்டுவிடக் கூடாது.

காதும் இதில் ஒரு கருவி. குமிழ்கள் சரியாக அமைந்தால் ஆர்க், தாளிக்கும் கடுகு போல ஒரே சீராகப் பொரியும். விட்டுவிட்டு வெடித்தாலோ கம்பி கன்னைப் பின்னால் தள்ளினாலோ அமைப்பு தவறு. கம்பி 0.8 மில்லி இருந்தால் போதும், கிடைத்தால் 0.6 இன்னும் நல்லது. லாரி வேலைக்குப் போட்ட 1.2 மில்லிக் கம்பியோடு காரைத் தொடக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு தனியாக ஓடும்போது ஆழமாக இறங்கும், சிதறலும் அதிகம். ஆர்கான் கலந்த வாயு மெல்லிய தகட்டுக்கு இதமானது, செலவுதான் கூடுதல்.

கோடு இழுக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். இங்கே டேக் எனும் சின்னப் புள்ளி ஒட்டுகளை ஒவ்வொன்றாக வைப்பார்கள்: ஓர் இடத்தில் ஒரு டேக், கையளவு தள்ளி இன்னொன்று, பிறகு எதிர்ப்புறம், இடையில் ஆறவிடுவது. இடைவெளி முழுவதும் இப்படித்தான் நிரம்பும். பின்னால் ஒரு செம்புப் பட்டையைக் கொடுத்தால் சூட்டை அது வாங்கிக்கொள்ளும், ஓட்டையும் விழாது. கார் ஆலையில் ஸ்பாட் வெல்டு போட்டிருந்த இடங்களில் மேல் தகட்டைத் துளைத்து, துளைக்குள் கம்பியை நிரப்பி அடித்தகட்டோடு சேர்ப்பார்கள். துருவும் பெயின்டும் துத்தநாகப் பூச்சும் போக, தகடு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டியாக வேண்டும். துத்தநாகப் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் கொண்டுவரும்.

ஊரின் காற்றும் கணக்கில் வரும். நம் பட்டறைகள் பாதி திறந்த தகரக் கொட்டகைகள். ஆடிக் காற்று அடிக்கும்போது கன்னிலிருந்து வரும் வாயு கலைந்து ஒட்டில் பொடிப்பொடியாகத் துளை விழும். கேஸ் தீ அந்த அளவுக்கு அலட்டிக்கொள்ளாது, கரன்டும் கேட்காது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடத்தில் சி.ஓ.டூ-வின் அமைப்பு நிமிடத்துக்கு நிமிடம் மாறும். தார்ப்பாய் ஒன்றும் ஸ்டெபிலைசர் ஒன்றும் இல்லாமல் அந்தக் கருவியை வாங்குவது வீண்.

வண்டியின் பக்கமிருந்து பார்த்தால் தராசு வேறு பக்கம் சாயும். அம்பாசிடரின் கனத் தகட்டுக்குக் கேஸ் போதுமானதாக இருந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் இலகுவான வண்டிகளின் காலம் தொடங்கியது. இன்றைய கார்களின் தூண்களிலும் சேஸிஸ் நீள்கட்டைகளிலும் உயர்வலிமை எஃகு இருக்கிறது. அதை விரிந்த தீயால் நெடுநேரம் காய்ச்சினால் வலிமை போய்விடும். மோதலில் ஆளைக் காப்பாற்ற வேண்டிய பகுதி மெழுகாகிவிடும் என்பதால்தான் மேலைநாட்டுப் பட்டறைகள் 1980-களில் கேஸை விட்டு மிக்குக்கு மாறின. ஆலை தடை செய்யும் மிக வலிய எஃகுப் பகுதிகளை மிக்காலும் தொடக் கூடாது, பகுதியையே மாற்ற வேண்டும். பெட்ரோல் டேங்கின் அருகில் இரண்டு முறைக்கும் இடமில்லை. சி.ஓ.டூ-வைத் தொடும் முன் பேட்டரியைக் கழற்றுவதும் கட்டாயம்.

அரசு ஐ.டி.ஐ.-யில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு, எட்டாம் வகுப்பு முடித்தவரும் சேரலாம். கேஸ் பயிற்சி அங்கே 2 மில்லித் தகட்டில் தொடங்குகிறது, மிக் பயிற்சியோ பெரும்பாலும் தடித்த பிளேட்டில். காரின் முக்கால் மில்லிக்கு அதிலிருந்து தாண்டுவது தனி வேலை. பட்டறையிலோ மேஸ்திரியின் பக்கத்தில் நின்று காரிலேயே நேராகப் பழக வேண்டியிருக்கிறது, அடுத்தவர் வண்டியில்.

என் தீர்ப்பு இது: கண்ணைப் பழக்கக் கேஸ், காரைப் பழுதுபார்க்க சி.ஓ.டூ. தொழிலுக்கு வரும் தம்பிகள் முதலில் டார்ச் பிடித்து, தகடு உருகுவதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். பிறகு கன்னை எடுத்து, கழித்துப்போட்ட மட்கார்டிலிருந்து வெட்டிய துண்டுகளை ஒட்டி, வைஸில் இறுக்கி மடக்கிக் கிழித்துப் பார்க்கட்டும். ஒட்டு பிரிந்து வந்தால் அந்தக் கை இன்னும் காருக்குத் தயாராகவில்லை. ஒட்டு நின்று பக்கத்துத் தகடு கிழிந்தால் வாடிக்கையாளரின் வண்டியைத் தாராளமாகத் தொடலாம். பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மார்கள் இந்தச் சோதனைக்குத் தினமும் அரைமணி நேரமும் கொஞ்சம் கம்பியும் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.