பேசின் பிரிட்ஜ் தாண்டி...

டெல்லியிலிருந்து இரண்டு ராத்திரி ஓடி வருகிறது ரயில். விஜயவாடா தாண்டியாச்சு, கூடூர் தாண்டியாச்சு. சென்ட்ரலுக்கு இன்னும் 2 கிலோமீட்டர்தான். பெட்டியை இறக்கி, செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே வந்து நிற்கிறீர்கள். ரயிலும் நின்றுவிடுகிறது. பேசின் பிரிட்ஜ்! சிக்னல் கிடைக்கவில்லை. பத்து நிமிஷமா, அரை மணியா என்பது அவரவர் ஜாதகம்.

ஆக, சென்னைக்காரர்களுக்குப் பேசின் பிரிட்ஜ் என்றால் வேகம் வந்து படுத்துக்கொள்கிற இடம். ஆனால், அங்கே நின்றபடி கொஞ்சம் வடக்கே திரும்பிப் பாருங்கள். இந்திய மோட்டார் பந்தயத்தின் பால்ய காலம் தெரியும்.

1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தது. இதுதான் பின்னாளில் அசோக் லேலண்ட். 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு கம்பெனி வந்தது. புல்லட்டின் 'டப் டப்' தமிழ்நாட்டில் கேட்க ஆரம்பித்தது. இந்த இரண்டுக்கும் நடுவே, 1953-ல், மோட்டார் பித்துப் பிடித்த சிலர் கூடி 'மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்' ஆரம்பித்தார்கள்.

கிளப் ரெடி. வண்டியும் ரெடி. எங்கே ஓட்டுவது?

பேசின் பிரிட்ஜிலிருந்து வியாசர்பாடி, மூலக்கடை, செங்குன்றம் என்று ஜி.என்.டி. ரோட்டைப் பிடித்தால் 20 கிலோமீட்டருக்குச் சற்று மேலே சோழவரம். இரண்டாம் உலகப் போருக்காக வெள்ளைக்காரன் போட்ட விமான ஓடுபாதை ஒன்று அங்கே சும்மா கிடந்தது. போர் முடிந்துவிட்டது, விமானம் வருவதில்லை. அதுவே ரேஸ் டிராக் ஆனது!

சிரிக்காதீர்கள். இங்கிலாந்திலும் இதே கதைதான். சில்வர்ஸ்டோன் என்று டி.வி.யில் பார்க்கிறீர்களே, அதுவும் போர்க்கால விமானத் தளம்தான். 1950 மே 13 அன்று ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயமே அங்கேதான் நடந்தது. கையில் காசு இல்லாத காலத்தில், கிடைத்த சிமென்ட் தளத்தில் விளையாடியவர்கள் அவர்களும்!

சோழவரத்தில் பணக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. கோண்டல் மகாராஜா ஜாகுவாரில் வந்தார். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா, ஒரு பழைய ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். ஆனால், அதே ஓடுபாதையில் புல்லட்டும் யெஸ்டியும் ஓடின. வீட்டுக் கொட்டகையில் உடம்பைக் கழற்றி, எடையைக் குறைத்து, இன்ஜினைக் குடைந்து சரிசெய்த ஃபியட்டுகளும் ஹெரால்டுகளும் ஓடின. ஜாகுவாரோடு புல்லட் எப்படிப் போட்டி போடும்? போடாது. அதற்குத்தான் பிரிவுகள். இத்தனை சிசி இன்ஜினுக்கு ஒரு ரேஸ், அதற்கு மேல் இருந்தால் இன்னொரு ரேஸ்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். ஏழை ரேஸில் கலந்துகொள்ள வழி செய்தது பணம் அல்ல, சட்டப் புத்தகம்.

1939-ல் இங்கிலாந்தில் தொடங்கிய '750 மோட்டார் கிளப்' இதை அழகாகச் செய்து காட்டியது. ஆஸ்டின் செவன் என்ற மலிவான குட்டிக் காரை வைத்துக்கொண்டு, சாமானியர்கள் தாங்களே ரேஸ் கார் கட்டி ஓட்டும்படி விதிகள் போட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்தான், லோட்டஸ் கம்பெனியை உருவாக்கிய காலின் சாப்மன்.

நம்மூர் சாப்மன் கோயம்புத்தூர்க்காரர். பெயர் கரிவர்தன். சோழவரத்தில் கார் ஓட்டி ஜெயித்தவர். 1980களின் கடைசியில் அவருக்கு ஒரு யோசனை. தெருவுக்குத் தெரு மாருதி 800 வந்துவிட்டது. அந்த மூன்று சிலிண்டர் இன்ஜினை எடுத்து, குழாய்ச் சட்டத்தில் மாட்டி, ஒற்றை ஆள் உட்காரும் ரேஸ் கார் செய்தால் என்ன? செய்தார். ஃபார்முலா மாருதி பிறந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி கார். ஸ்பேர் பார்ட்ஸ் பக்கத்துக் கடையில். இனி ஜெயிக்க வேண்டியது பர்ஸ் அல்ல, கால்களும் கண்களும்.

1990-ல் பந்தயங்கள் சோழவரத்தை விட்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப் கட்டிய நிஜமான டிராக்குக்கு மாறின. அங்கே ஃபார்முலா மாருதியில் முதல் ரேஸ் ஓட்டிய ஒரு பையன்தான், 2005-ல் மெல்போர்னில் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர், நரேன் கார்த்திகேயன். அதைப் பார்க்கக் கரிவர்தன் இல்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறந்த டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

சரி, 'அஜித்துக்குக் கட்டுப்படியாகும் சார், நமக்கு?' என்கிறீர்களா? சொல்கிறேன்.

ரேஸ் இல்லாத சில நாட்களில், கட்டணம் வாங்கிக்கொண்டு நம் சொந்த வண்டியை டிராக்கில் ஓட்ட விடுவார்கள். 'டிராக் டே' என்று பெயர். எதிரே லாரி வராது, குறுக்கே மாடு வராது. நாலு தடவை போய் வந்தவருக்கு, 'நாமும் ரேஸில் இறங்கினால் என்ன?' என்று கை அரிக்கும். அடுத்து என்ன செய்வார்? பெரிய பைக்காக வாங்கலாமா என்று கடன் விசாரிப்பார். அங்கேதான் தப்பு!

ரேஸுக்கு முதலில் வேண்டியது உரிமம். ஃபெடரேஷன் அங்கீகரித்த பள்ளியில் பயிற்சி, டாக்டர் சான்று, அப்புறம்தான் லைசென்ஸ். மஞ்சள் கொடி ஆடினால் ஆபத்து, முந்தாதே. நீலம் என்றால் பின்னால் வேகமானவன் வருகிறான், வழி விடு. சிவப்பு என்றால் பந்தயமே நிற்கிறது. டிராக் டேயில் நீங்கள் ஜெயிக்கவும் முடியாது, தோற்கவும் முடியாது. ரேஸில் இரண்டும் உண்டு. 'அவன் வண்டி நல்ல வண்டி சார்' என்று சாக்குச் சொல்லவும் முடியாது. ஏனென்றால், ஆரம்பக்காரருக்குச் சிக்கனமான வழி, எல்லோருக்கும் ஒரே வண்டி தருகிற பந்தயம்தான். டி.வி.எஸ். 1994-லேயே இதைத் தொடங்கிவிட்டது. தேர்வில் ஜெயித்தால் பைக் கம்பெனியுடையது. பெண்களுக்கும் தனிப் பிரிவு வைத்தார்கள். கரிவர்தன் காருக்குச் செய்தது இங்கே பைக்குக்கு.

சொந்த வண்டிதான் வேண்டும் என்றால், இருப்பதிலேயே சின்ன சிசி பிரிவில் தொடங்குங்கள். டயர் விலை, விழுந்தால் மாற்ற வேண்டிய ஹேண்டில்பார், லீவர் விலை இதையெல்லாம் முதலிலேயே கூட்டிப் பாருங்கள். ஹெல்மெட்டிலும் லெதர் சூட்டிலும் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

டிராக் என்றால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2023-ல் மட்டும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயங்களில் இரண்டு மரணங்கள். ஜனவரியில், பல வருஷ அனுபவமுள்ள கார் வீரர் கே.இ.குமார். ஆகஸ்டில், பெங்களூரிலிருந்து வந்த 13 வயதுச் சிறுவன். டாக்டரும் ஆம்புலன்ஸும் நின்ற இடத்திலேயே இப்படி என்றால், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எண்ணூர் கடலோரச் சாலையில் லைட்டை அணைத்துவிட்டுப் பந்தயம் கட்டும் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? அவனுக்குக் கொடி காட்ட ஆளில்லை. நடைபாதையில் தூங்குகிறவருக்கு ரேஸ் நடப்பதே தெரியாது. அவனிடம் இருப்பது வெறும் வேகம். பந்தயம் என்பது வேகம் அல்ல, எங்கே நிறுத்த வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொள்வது.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 இரண்டு இரவுகளும் தீவுத்திடலைச் சுற்றி, விளக்கு வெளிச்சத்தில் ஃபார்முலா 4 கார்கள் சீறின. சோழவரத்துக்குப் போய்க்கொண்டிருந்த ரேஸ், தானே சென்ட்ரல் பக்கம் வந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய எத்தனையோ வடசென்னைப் பையன்களின் கை அரித்திருக்கும். உங்கள் வீட்டிலும் ஒருவன் இருக்கலாம். அவனைத் திட்டாதீர்கள். இருங்காட்டுக்கோட்டைக்கு வழி சொல்லுங்கள்.

அடுத்த முறை பேசின் பிரிட்ஜில் ரயில் நின்றால் டிரைவரையும் திட்டாதீர்கள். மணிக்கு நூறு கிலோமீட்டரில் வந்தவர் சிவப்பைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். அவருக்கு ரேஸ் லைசென்ஸ் கொடுக்கலாம்!