கால்நடைத் தீவனவியல், பசுந்தீவன உற்பத்திக் கல்வி – நாஞ்சில் நாடு

கால்நடைக்கு எதை, எவ்வளவு, எந்தப் பக்குவத்தில் ஊட்ட வேண்டும் என்பதை ஆராயும் துறை தீவனவியல். அந்தத் தீவனத்தை வயலிலும் தோப்பிலும் விளைவித்து, அறுத்து, கெடாமல் சேமிக்கும் முறைகளைக் கற்பிப்பது பசுந்தீவன உற்பத்தி. தமிழ்நாட்டில் இவ்விரண்டும் ஒரே கல்லூரியில் வளர்ந்த பாடங்கள் அல்ல. முன்னது கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் பின்னது வேளாண்மைக் கல்லூரிகளிலும் தனித்தனியே வேரூன்றின. கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் கல்வியின் வரலாறு, எல்லை மாற்றத்தோடும் நெல் வயல்களின் சுருக்கத்தோடும் சேர்ந்தே நடந்தது.

கல்லூரிக்கு முந்தைய வழக்கம்

நாஞ்சில் நாடு எனப்படும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளில் கன்னிப்பூ, கும்பப்பூ என நெல் இருபோகம் விளைந்தது. 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணை அந்த இருபோகத்துக்கு உறுதியான நீர் தந்தது. எனவே மாட்டுத் தீவனத்தின் அடிப்படை வைக்கோல்தான்; வீட்டுக்கு வீடு வைக்கோல் படப்பு இருந்தது. அதோடு தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, வரப்புப் புல் ஆகியவை சேர்ந்தன. மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் மரச்சீனி எனப்படும் மரவள்ளியின் தோலும் இலையும், ஆடுகளுக்குப் பலா இலையும் தீவனமாயின.

இந்த அறிவு அனுபவத்தில் விளைந்தது. மரச்சீனி இலையை வாடவிட்டே மாட்டுக்குப் போட வேண்டும் என்ற எச்சரிக்கை ஓர் எடுத்துக்காட்டு. பச்சை இலையில் உள்ள வேதிப்பொருள் ஹைட்ரஜன் சயனைடு என்னும் நஞ்சை வெளியிடும் என்பதையும், உலர்த்தும்போது அது குறையும் என்பதையும் பின்னாளில் வேதியியல் விளக்கியது. ஆனால் வைக்கோலின் குறையை அனுபவம் முழுதாகக் காட்டவில்லை. அதில் புரதம் 3 முதல் 4 விழுக்காடுதான். சிலிக்காவும் லிக்னினும் செரிமானத்தைத் தடுக்கின்றன. உழவுமாடும் குறைந்த பால் தரும் நாட்டுப் பசுவும் அதில் காலம் தள்ளின. கலப்பினப் பசுக்கள் வந்த பிறகு அந்தக் கணக்கு பொருந்தவில்லை.

அறிவியலின் தோற்றம்

ஜெர்மனியின் வேண்டே ஆராய்ச்சி நிலையத்தில் ஹென்னெபெர்க், ஸ்டோமான் ஆகியோர் 1860களில் வகுத்த பகுப்பாய்வு முறை தீவனவியலின் அடித்தளம். ஈரம், சாம்பல், கச்சாப் புரதம், கொழுப்பு, நார், கரையும் மாவுப்பொருள் என ஆறு கூறுகளாகத் தீவனத்தைப் பிரிக்கும் அந்த முறையை இன்றும் மாணவர்கள் ஆய்வகத்தில் தொடக்கப் பயிற்சியாகச் செய்கிறார்கள். நைட்ரஜன் அளவை 6.25ஆல் பெருக்கிப் புரதத்தைக் கணக்கிடுவதும் இந்த முறையில் அடங்கும். நார்ப்பொருளை மேலும் நுட்பமாகப் பிரிக்கும் முறையை அமெரிக்கரான வான் சோஸ்ட் 1960களில் உருவாக்கினார். வைக்கோலை நம்பும் நாடுகளுக்கு அது பெரிதும் உதவியது. பசுந்தீவனத்தை அமிலமூட்டிப் பாதுகாக்கும் முறைக்காக பின்லாந்தின் விர்தானென் 1945இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

இந்தியாவில் கால்நடை ஊட்ட ஆய்வு 1920களில் பெங்களூரில், எஃப். ஜே. வார்த் பொறுப்பில் தொடங்கியது. 1930களின் இறுதியில் அப்பணி வடக்கே இசத்நகருக்கு மாறியது. இந்தியத் தீவனங்களின் சத்து மதிப்பைக் கே. சி. சென் தொகுத்து வெளியிட்ட அட்டவணைகள் நெடுங்காலம் பாடமாக இருந்தன.

வேப்பேரியும் கோவையும்

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் வேப்பேரியில் 20 மாணவர்களோடு தொடங்கியது. 1930களின் நடுவில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்படிப்பு நடத்தியது. பல்கலைக்கழகம் ஒன்றோடு இணைந்த முதல் இந்தியக் கால்நடை மருத்துவக் கல்லூரி இதுவே.

வேளாண் கல்வி சைதாப்பேட்டையில் 1868இல் தொடங்கி 1906இல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்தது. அங்கே தாவரவியல் ஆசிரியராக இருந்த கே. ரங்காச்சாரி, தடுலிங்க முதலியாரின் துணையுடன் தென்னிந்தியப் புற்களைப் பற்றி எழுதிய கையேடு 1921இல் சென்னையில் அச்சானது. எந்தப் புல் எங்கே முளைக்கும், அதை எப்படி இனங்காண்பது என்பதை மாணவருக்குச் சொன்ன முன்னோடி நூல் அது. 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானது. 1976இல் கால்நடை மருத்துவமும் அதன் கீழ் வந்தது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தனியே பிரிந்தபோது தீவனத்தை ஊட்டும் கல்வி அதனுடன் சென்றது. தீவனப் பயிர் இனப்பெருக்கப் பணி கோவையில் தங்கியது. இடைப்பட்ட 13 ஆண்டுகள் மட்டுமே இரு துறைகளும் ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்தன.

எல்லை மாறிய மாவட்டம்

1956 நவம்பர் 1 வரை இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதி திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. அம்மாநிலத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரி திருச்சூருக்கு அருகே மண்ணுத்தியில் 1955இல்தான் தொடங்கியது. அடுத்த ஆண்டே கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்ததால், இம்மாவட்ட மாணவர்களுக்கு உரிய மாநிலக் கல்லூரி வேப்பேரியாயிற்று. நாகர்கோவிலிலிருந்து சென்னை 700 கிலோமீட்டர் தொலைவு. 1985இல் நாமக்கல்லிலும் 2012இல் திருநெல்வேலி இராமையன்பட்டியிலும் கல்லூரிகள் வந்த பிறகே அந்தத் தொலைவு குறைந்தது. மாவட்டத்துக்குள் கால்நடை மருத்துவக் கல்லூரி இல்லை. விவசாயிகளுக்கான பயிற்சியை நாகர்கோவிலில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மையமும் திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையமும் தருகின்றன.

கோவைப் புல் இனங்கள்

ஆப்பிரிக்காவிலிருந்து 1912இல் இந்தியாவுக்கு வந்த நேப்பியர் புல் விளைச்சல் மிகுந்தது. ஆனால் தண்டு கடினமானது. அதைக் கம்போடு கலந்து 1953இல் கோவையில் ஒட்டுப்புல் உருவாக்கினர். இந்தியாவின் முதல் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் அது. இந்த வரிசையில் கோ 3 1996இலும், கோ 4 2008இலும், கோ 5 2012இலும் வெளியாயின. இவை விதையால் பெருகுவதில்லை; எனவே 60×50 செ.மீ. இடைவெளியில் ஹெக்டேருக்கு 33,333 கரணைகள் நட வேண்டும். முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில். பிறகு 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். ஆண்டு விளைச்சல் ஹெக்டேருக்கு 350 டன்னைத் தாண்டும். 2001இல் வந்த கோ எஃப்எஸ் 29 தீவனச்சோளம் ஒருமுறை விதைத்தால் பலமுறை அறுக்கக்கூடியது.

புல் மட்டும் போதாது என்பதும் பாடத்தின் பகுதி. ஒட்டுப்புல்லில் ஆக்சாலிக் அமிலம் உண்டு. அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே வேலிமசால், குதிரைமசால், தீவனத் தட்டைப்பயறு போன்ற பயறு வகைத் தீவனத்தையும் தாது உப்புக் கலவையையும் சேர்த்துத் தர வேண்டும். இரண்டு பருவமழையும் பெறும் குமரி மாவட்டத்தில் தென்னைக்கு ஊடே கினியாப் புல்லும் ஒட்டுப்புல்லும் வளர்க்கலாம். கினியாப் புல் நிழலைத் தாங்கும்.

கன்னியாகுமரியின் பங்கு: அசோலா

இத்துறையில் மாவட்டத்தின் தனிப் பங்களிப்பு பல்கலைக்கழகத்துக்கு வெளியே பிறந்தது. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டத்தில், பி. கமலாசனன் பிள்ளையும் உடன் பணியாற்றியவர்களும் அசோலா என்னும் நீர்ப் பெரணியைக் கால்நடைத் தீவனமாக வளர்க்கும் எளிய முறையை உருவாக்கினர். 2 மீட்டர் நீளமும் அகலமும் கொண்ட குழியில் சில்பாலின் விரிப்பு இட்டு, சலித்த மண், சாணக் கரைசல், சூப்பர் பாஸ்பேட் சேர்த்து நீர் நிரப்ப வேண்டும். நாளொன்றுக்கு அரைக் கிலோவுக்கு மேல் அசோலா கிடைக்கும். அசோலா இலையில் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்துவதால், அதன் உலர் எடையில் 25 விழுக்காட்டுக்கு மேல் புரதம் இருக்கிறது. ஒன்றரை முதல் இரண்டு கிலோ அசோலாவை வழக்கமான தீவனத்தோடு தந்தபோது பால் 15 முதல் 20 விழுக்காடு கூடியதாக அக்குழு பதிவு செய்தது. தனி நிலம் இல்லாதவர்களும் வீட்டுமுற்றத்தில் வளர்க்க முடிவதால் இம்முறை இந்தியாவெங்கும் பரவியது. கல்லூரிப் பயிற்சிகளிலும் இடம்பெற்றது.

இன்றைய படிப்பு

இந்தியக் கால்நடை மருத்துவ மன்றம் 2016இல் வகுத்த நெறிமுறைப்படி இளநிலைப் பட்டம் உள்ளுறைப் பயிற்சி உட்பட ஐந்தரை ஆண்டுகள். தீவனவியல் எல்லா மாணவர்க்கும் கட்டாயப் பாடம். மேற்படிப்பாக அதையே தேர்ந்து முதுநிலையும் முனைவர் பட்டமும் பெறலாம். தீவனப் பயிர் இனப்பெருக்கத்தில் ஈடுபட விரும்புவோர் வேளாண் பட்டம் பெற்று, உழவியலிலோ மரபியல்–பயிர்ப் பெருக்கத்திலோ முதுநிலை படிக்க வேண்டும். குமரி மாணவர்களுக்கு அருகிலுள்ள அரசு வேளாண்மைக் கல்லூரி தூத்துக்குடி மாவட்டத்தின் கிள்ளிகுளத்தில் உள்ளது.

பாடத்திட்டத்தின் நடைமுறைப் பகுதியில் வைக்கோலை யூரியாவால் பக்குவப்படுத்துதல், ஊறுகாய்ப் புல் (சைலேஜ்) தயாரித்தல், கறவைக்கேற்பத் தீவனக் கணக்கிடுதல் ஆகியவை உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, 21 நாள் காற்றுப் புகாமல் மூடி வைத்தால் அதன் செரிமானமும் நைட்ரஜன் அளவும் கூடும். நாமக்கல் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்தில் பூஞ்சை நஞ்சான அஃப்ளாடாக்சின் அளவும் சோதிக்கப்படுகிறது.

மதிப்பீடு

நாஞ்சில் நாட்டில் வயல்கள் தென்னந்தோப்பாகவும் வாழைத் தோட்டமாகவும் மனைகளாகவும் மாறிவருகின்றன. குட்டை நெல் இரகங்களால் வைக்கோலும் குறைந்தது. இந்நிலையில் புல்லை விளைவிக்கத் தெரிந்தவரும் அதை ஊட்டத் தெரிந்தவரும் வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் பயின்று வருவது, சிறு விவசாயிக்கு இரண்டு இடங்களில் ஆலோசனை கேட்கும் சுமையாகிறது. தோப்பின் ஊடுபயிர், மரச்சீனி, தேங்காய்ப் புண்ணாக்கு, அசோலா ஆகியவற்றை ஒரே தீவனக் கணக்கில் சேர்க்கும் கூட்டுப் பாடமே இம்மாவட்டத்துக்குப் பொருந்தும்.