கணினிக்கு ஒரு சங்கம்: பயனர் குழுக்களின் வரலாறும் பயனும்

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் லட்சக்கணக்கான மாணவர்கள் கையில் முதன்முறையாகச் சொந்தக் கணினி வந்தது. உத்திரமேரூரைச் சுற்றியுள்ளவை போன்ற கிராமங்களில் பல வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி.

சரி, கணினி வந்துவிட்டது. அது மக்கர் செய்தால் யாரிடம் கேட்பது? தொடக்க ஆண்டுகளில் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' என்ற லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. அதை வைத்து என்ன செய்யலாம் என்று யார் சொல்லித்தருவது? அப்பா, அம்மாவுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டிலும் தெரியாது. கருவியை அரசு கொடுத்துவிடலாம். கேள்வி கேட்க ஒரு ஆளைக் கொடுப்பது அவ்வளவு சுலபம் இல்லை!

இந்தக் குறை நம் ஊருக்கு மட்டும் வந்ததல்ல. கணினி பிறந்த காலத்தில் இருந்தே உள்ளது. அதற்கு உலகம் கண்ட பதில்தான் கணினிப் பயனர் குழு.

பெரிய நிறுவனங்களே கூடின

1955-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஐ.பி.எம். கணினிகளைப் பயன்படுத்தி வந்தவர்கள் சேர்ந்து 'ஷேர்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெயரின் பொருளே 'பகிர்' என்பதுதான். அப்போது கணினி ஒரு அறையையே அடைத்துக்கொள்ளும். கடையில் மென்பொருள் வாங்கும் வழக்கமும் இல்லை. தேவையான நிரல்களை ஒவ்வொரு நிறுவனமும் தானே எழுத வேண்டும். ஒருவர் எழுதியதையே இன்னொருவரும் மெனக்கெட்டு எழுதுவதா? எழுதியதைக் கொடுத்து வாங்கினால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். இவ்வளவு பணம் உள்ளவர்களுக்கே தனியாகச் சமாளிக்க முடியவில்லை!

கார் ஷெட்டில் ஒரு கூட்டம்

இருபது ஆண்டுகள் கழித்து, 1975 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில் கார்டன் பிரெஞ்ச் என்பவரின் வீட்டுக் கார் ஷெட்டில் சுமார் முப்பது பேர் கூடினார்கள். 'ஆல்டேர் 8800' என்ற கணினி அப்போதுதான் விற்பனைக்கு வந்திருந்தது. வாங்கியவர்களே உதிரி பாகங்களைப் பற்றவைத்து அதை உருவாக்கிக்கொள்ளலாம். எங்கே தவறு நடந்தது என்று கேட்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். இப்படிப் பிறந்ததுதான் 'ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்'.

அந்தக் கூட்டத்திற்கு வந்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் வோஸ்னியாக். பின்னாளில் 'ஆப்பிள் 1' ஆன கணினியின் வரைபடத்தை அவர் அங்கே இலவசமாகவே கொடுத்தார். சங்கத்து நண்பர்களிடம் காட்டிப் பாராட்டு வாங்க வேண்டும் என்ற ஆசை அந்தக் கணினி உருவானதற்கு ஒரு முக்கியக் காரணம்.

பகிர்வதில் சண்டையும் வந்தது. ஆல்டேருக்காகத் தன் நிறுவனம் எழுதிய பேசிக் மென்பொருளைக் காசு கொடுக்காமல் நகல் எடுக்கிறார்கள் என்று பில் கேட்ஸ் 1976-ல் பகிரங்கக் கடிதம் எழுதினார். உழைத்தவருக்குக் கூலி வேண்டாமா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். எழுதியவரே மனமுவந்து பகிர அனுமதித்தால் இந்தச் சண்டைக்கு இடமே இல்லை. 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும் அந்த வழியில் வந்தவை.

சென்னையில், காஞ்சிபுரத்தில்...

லினக்ஸ் ஒரு தனி நிறுவனத்தின் பொருள் அல்ல. அதனால் பழுது என்றால் புகார் செய்ய ஒரு முதலாளி கிடையாது. பயன்படுத்துபவர்களே ஒருவருக்கொருவர் உதவ வேண்டிய நிலை. உலகெங்கும் ஊர் ஊராக லினக்ஸ் பயனர் குழுக்கள் முளைத்ததற்கு இதுவே காரணம்.

சென்னையில் அப்படி ஒரு குழு 1998-லேயே தொடங்கியது. மாதம் ஒரு சனிக்கிழமை ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடுவது அதன் வழக்கமாக இருந்தது. அன்றைய தொலைபேசி வழி இணையத்தில் ஒரு முழு இயங்குதளத்தை இறக்குவது நடக்கிற காரியமா? குறுந்தகடு கைமாறித்தான் லினக்ஸ் பரவியது. தகடு வைத்திருப்பவரைச் சந்திக்கக் கூட்டத்திற்குத்தான் போக வேண்டும்!

மாநகரத்தோடு இது நின்றுவிடவில்லை. உத்திரமேரூரில் இருந்து சுமார் 30 கிலோமீட்டரில் உள்ள காஞ்சிபுரத்தின் பெயரிலேயே 'காஞ்சி லினக்ஸ் பயனர் குழு' உருவானது. விழுப்புரத்திலும் ஒரு குழு எழுந்து, கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகக் கணினிப் பாடம் நடத்தியது. காஞ்சிக் குழு பிறகு ஞாயிறு மாலைகளில் இணைய வழியாகவும் கூடியது. பேருந்துச் செலவு இல்லாமல் எந்தக் கிராமத்தில் இருந்தும் கலந்துகொள்ள இது வழி செய்தது.

இந்த ஆர்வலர் வட்டத்தில் இருந்துதான் 2012 ஜனவரியில் 'கணியம்' என்ற தமிழ் மின்னிதழ் வந்தது. லினக்ஸ், தரவுத்தளம் போன்ற பாடங்கள் தமிழிலேயே கட்டுரைகளாகவும், பிறகு இலவச மின்னூல்களாகவும் வெளியாயின. யாரும் எடுத்துப் படிக்கலாம், நகல் எடுத்துக் கொடுக்கலாம்.

சேர்வதால் என்ன பயன்?

முதல் பயன், கேள்வி கேட்கவே கற்றுக்கொள்வது. இணையத்தில் தேடலாமே என்பார்கள். ஆனால் பழுதின் பெயர் தெரிந்தால்தானே தேட முடியும்? "திரை கறுப்பாயிடுச்சு, என்னமோ இங்கிலீஷ்ல வருது" என்று தமிழில் சொன்னாலே போதும், பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

இரண்டாவது, செலவு குறைவது. கோளாறு நினைவகத்திலா, வன்தட்டிலா என்று தெரியாமல் புதிது வாங்கினால் காசு வீண். நண்பருடைய பாகத்தை ஐந்து நிமிடம் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கனமான இயங்குதளத்தை இழுக்க முடியாத பழைய கணினிக்கு இலகுவான லினக்ஸ் போட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம்.

மூன்றாவதுதான் பெரிய பயன். இன்று கேட்டவர் ஆறு மாதத்தில் இன்னொருவருக்குச் சொல்லித்தருவார். சொல்லித்தரும்போதுதான் பாடம் முழுதாகப் புரியும். நாலு பேர் முன் நின்று பேசும் கூச்சமும் போகும். வேலைக்கான நேர்முகத்தேர்வில் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

கல்வெட்டு சொல்லும் பாடம்

சங்கம் தொடங்குவது எளிது, நிலைப்பது கடினம். ஹோம்புரூ கிளப் 1986-ல் கலைந்தது. முப்பதாயிரம் உறுப்பினர் வரை வளர்ந்த பாஸ்டன் கணினிச் சங்கம் 1996-ல் மூடப்பட்டது. சிறிய குழுக்களோ பல சமயம் ஒரே ஒருவரின் ஆர்வத்தில் ஓடும். அவர் வேலை கிடைத்து வெளியூர் போனால் குழுவும் முடிந்தது.

இந்தச் சிக்கலுக்கு உத்திரமேரூர் சுவரிலேயே ஒரு யோசனை இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919 மற்றும் 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலை முறையைச் சொல்கின்றன. ஏரி வாரியத்திற்கு ஆறு பேர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிரண்டு பேர் என்று வேலை பிரிக்கப்பட்டது. பதவிக்காலம் ஓராண்டு. ஒருமுறை இருந்தவர் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குத் தேர்வில் நிற்க முடியாது. கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமே கிடையாது! பொறுப்பு கைமாற வேண்டும், கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்ற இந்த இரண்டும் கணினிச் சங்கத்திற்கும் பொருந்தும்.

ஆனால் அந்தச் சபையில் பின்பற்றக்கூடாததும் உண்டு. நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமணர்களின் சபை அது. உழுதவர், நெய்தவர் பெயரில் குடத்தில் ஓலை விழவில்லை. இன்றைய சங்கத்தில் அப்படி எழுதி வைத்த விதி இருக்காது. இருந்தாலும் கூட்டம் இரவில் நடந்தால் பெண் பிள்ளைகள் வர முடியாது. பேச்சு முழுக்க ஆங்கிலத்தில் நடந்தால் கிராமத்து மாணவர் வாயே திறக்க மாட்டார். கணினி இல்லாதவரை வரவேண்டாம் என்றால் அதிகம் தேவைப்படுபவர் வெளியே நிற்பார். அதுவும் ஒரு சுவர்தான்.

பகல் நேரம், தமிழ்ப் பேச்சு, ஒரு பள்ளி அறை, ஒன்றிரண்டு பழைய மடிக்கணினிகள். ஒரு சங்கம் தொடங்க இவ்வளவு போதும். மென்லோ பார்க்கில் ஒரு கார் ஷெட்தான் இருந்தது.