ஒரு ஞாயிறு, மூணு பேரு: தலித் விடுதலை ஞாயிறும் அதுக்கு முந்தின கதையும்

இன்னைக்கு ஒரு காலண்டர் பிரச்சினையிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆபீஸ்ல டேட் லாஜிக் எழுதி நொந்து போனவங்களுக்கு இது உடனே புரியும்.

2021 நவம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. இந்தியாவில் ஒரு கத்தோலிக்கக் கோயிலுக்குள்ளே போனா அன்னைக்கு என்ன நாள்? கணக்குப்படி மூணு பதில் இருக்கு. திருவழிபாட்டு நாள்காட்டியில் அது பொதுக்காலத்தின் 33-ஆம் ஞாயிறு. ரோமின் ஏற்பாட்டில் அது உலக வறியோர் நாள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் ஏற்பாட்டில் அது தலித் விடுதலை ஞாயிறு. நேரு பிறந்தநாள், மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு மிட்டாய், அதெல்லாம் தனி. அடுத்த வருஷம் நவம்பர் 13-லும் இதே மோதல்.

அப்படின்னா அன்னைக்குப் பிரசங்கத்தில் ஃபாதர் எதைப் பத்திப் பேசுவார்? இந்த எபிசோடு முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

கத்தோலிக்கர் இல்லாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். திருச்சபையில் வருஷம் முழுக்க இந்த மாதிரி 'ஸ்பெஷல்' ஞாயிறுகள் வந்துக்கிட்டே இருக்கும். ஜனவரியில் இறைவார்த்தை ஞாயிறு. பாஸ்காவுக்கு அடுத்த வாரம் இறை இரக்க ஞாயிறு. அப்புறம் நல்லாயன் ஞாயிறு, அதாவது குருவாகவும் கன்னியராகவும் போகப் பிள்ளைங்களைக் கூப்பிடுற நாள். சமூகத் தொடர்பு நாள், தாத்தா பாட்டிகளுக்கு ஒரு நாள், புலம்பெயர்ந்தோருக்கு ஒரு நாள், மறைபரப்பு ஞாயிறு, கிறிஸ்து அரசர். இதுக்கு மேல மறைமாவட்ட அளவிலும் சில உண்டு. கோயில் நோட்டீஸ் போர்டைப் பார்த்தா சாதாரண ஞாயிறுன்னு ஒண்ணு மிச்சம் இருக்கான்னே சந்தேகம் வரும்.

இதில் ஒரு வேடிக்கை என்னன்னா, திருச்சபையின் சொந்தச் சட்டமே இந்தப் பழக்கத்துக்குப் பெரிய ஆதரவு இல்லை. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டில் 106-ஆம் பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஞாயிறுதான் முதல் திருநாள், ஆண்டு முழுவதற்கும் அதுதான் அடித்தளம், உண்மையிலேயே மிக முக்கியமானதாக இருந்தால் ஒழிய வேறெந்தக் கொண்டாட்டமும் அதை முந்தக்கூடாது. ஞாயிறுக்கு ஏற்கெனவே ஒரு தீம் இருக்கு, அது உயிர்ப்பு.

அதனால் இந்தச் சிறப்பு ஞாயிறுகளில் பெரும்பாலானவை பலிபூசைக்குள்ளே பெருசா எதையும் மாத்துறதில்லை. வாசகங்கள் அதேதான். கிறிஸ்து அரசர் மாதிரி ஒரு சிலதுதான் முறைப்படி பெருவிழா, அதுக்குத் தனி வாசகம், தனி செபம் உண்டு. மத்ததெல்லாம் நுழையுறதுக்கு இருக்கிற இடம் நாலுதான்: பிரசங்கம், விசுவாசிகள் மன்றாட்டு, கடைசியில் அறிவிப்பு, உண்டியல். இந்த நாலும் பெரும்பாலும் பங்குத்தந்தை கையில் இருக்கு. டெல்லியிலிருந்தோ ரோமிலிருந்தோ சுற்றறிக்கை வரலாம். அதை வாசிக்கிறதும், மடிச்சு உள்ளே வைக்கிறதும் அவர் முடிவு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

சரி, இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? நவீன காலத்தில் ஒவ்வொரு சிறப்பு ஞாயிறுக்குப் பின்னாடியும் ஒரு பயமோ, ஒரு காயமோ, ஒரு செலவோ இருக்கு. ஐரோப்பாவிலிருந்து கூட்டம் கூட்டமாக மக்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய காலத்தின் முடிவில், முதல் உலகப் போர் வெடித்த 1914-ல், இத்தாலியக் குடியேறிகளுக்காகத் தொடங்கப்பட்டதுதான் இன்றைய புலம்பெயர்ந்தோர் நாள். கிறிஸ்து அரசர் திருநாள் 1925 டிசம்பர் 11-ல் பதினொன்றாம் பயஸ் அறிவித்தது. இத்தாலியில் முசோலினி ஆட்சிக்கு வந்து மூணு வருஷம் ஆகியிருந்தது. ரஷ்யாவில் ஜார் போய் போல்ஷெவிக் வந்தாச்சு. நாடுகளின் தலைவர்கள் தங்களைக் கடவுளாக நினைச்சுக்கிட்ட காலத்தில், ராஜா வேறொருத்தர்னு ஒரு திருநாள் மூலமாகச் சொன்னார். மெக்சிகோவில் அடுத்த வருஷமே அது போர்க்குரலாக மாறி, கிறிஸ்து அரசர் பெயரைச் சொல்லிக்கொண்டே ஆட்கள் துப்பாக்கி முன்னாடி நின்னாங்க. நம்ம ஊரில் அந்தத் திருநாளுக்கு நற்கருணைப் பவனி வரும்போது இந்த அரசியல் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பட்டாசு மட்டும் இருக்கும்.

ஆனா நான் அதிக நேரம் செலவழிக்க நினைக்கிறது மறைபரப்பு ஞாயிறு மேல. அதுதான் இந்த எல்லா ஞாயிறுகளிலும் நல்லா 'வேலை செய்யுற' ஞாயிறு.

பிரான்சில் லியோன் நகரம் பட்டு நெசவுக்குப் பேர் போனது. அங்கே ஒரு பட்டு வியாபாரியின் மகள் பவுலின் ஜரிக்கோ. தூர தேசத்து மறைப்பணிகளுக்குப் பணம் திரட்ட அவர் ஒரு முறை கண்டுபிடிச்சார். ஒருத்தர் பத்துப் பேரைச் சேர்க்கணும். ஆளுக்கு வாரம் ஒரு சூ, அதாவது அந்தக் காலத்து பிரெஞ்சுச் சில்லறைக் காசு. பத்துப் பேரிடம் வாங்கியவர் நூறு பேருக்குப் பொறுப்பானவரிடம் கொடுக்கணும், அவர் ஆயிரம் பேருக்குப் பொறுப்பானவரிடம். ஆலைத் தொழிலாளிகளிடம் தொடங்கிய இந்தச் சங்கிலி 1822 மே மாதம் முறையான சங்கமாச்சு. ஜரிக்கோவுக்கு அப்போ 22 வயசு. இன்னைக்கு யாராவது இதை பிட்ச் டெக்காப் போட்டா ஃபண்டிங் கிடைச்சிடும்.

பணம் போனதோடு முடியலை. தூர தேசத்துக் குருக்கள் எழுதிய கடிதங்கள் அச்சாகி அந்த உறுப்பினர்களுக்கே திரும்பி வந்தன. மதுரை மிஷனிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் போன கடிதங்களும் அதில் உண்டு. லியோனில் தறி ஓட்டினவர், தன் ஒரு சூ எங்கே போச்சுன்னு படிச்சுத் தெரிஞ்சுக்க முடிந்தது. சரியாக நூறு வருஷம் கழிச்சு, 1922-ல், பதினொன்றாம் பயஸ் அந்தச் சங்கத்தை ரோமுக்கு மாற்றினார். 1926-ல் அக்டோபர் மாதத்தின் கடைசிக்கு முந்தைய ஞாயிறு உலக மறைபரப்பு ஞாயிறாக விதிக்கப்பட்டது. இன்றைய திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 791-ஆம் விதி ஒவ்வொரு மறைமாவட்டத்துக்கும் சொல்லுது: வருஷத்தில் ஒரு நாள் மறைபரப்புக்கு ஒதுக்கணும், காணிக்கை எடுக்கணும், அதை ரோமுக்கு அனுப்பணும். ஜரிக்கோ மட்டும் பிற்காலத்தில் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய ஒரு முயற்சியில் ஏமாற்றப்பட்டு, கடனில் மூழ்கி, 1862-ல் வறுமையில் செத்துப்போனார். 2022-ல்தான் அருளாளர் பட்டம் கிடைச்சது.

நான் பூசை உதவி செஞ்ச பையன். எனக்கு மிஷன் சண்டேன்னா ஏலம். பூசணிக்காய், முட்டை, வாழைத்தார், ஒரு சேவல். சேவலை ஏலம் எடுத்தவர் "மறுபடி விடுங்க ஃபாதர்"னு திருப்பிக் கொடுப்பார், அதே சேவல் மூணு தடவை விலை போகும். கோயில் முற்றத்தில் பிரியாணிக் கடை, பஜ்ஜிக் கடை, பிள்ளைகளுக்கு வளையம் எறியும் கடை. அடுத்த வாரம் மொத்த வசூல் எவ்வளவு, எந்த அன்பியம் எவ்வளவு கொடுத்ததுன்னு மைக்கில் வாசிப்பாங்க. மறைபரப்பு என்றால் என்ன என்று அந்த வயசில் எனக்குத் தெரியாது. ஆனா அந்த ஞாயிறு நடந்ததுன்னு திங்கட்கிழமை ஒரு தொகையாக ஆதாரம் இருக்கும்.

இப்போ நவம்பருக்கு வருவோம்.

1950 ஆகஸ்ட் 10-ல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து மதம் அல்லாத மதத்தைச் சேர்ந்தவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் உள்ளே சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியே. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். தனித்தொகுதியில் நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவருக்கு இல்லை. அதே தெரு, அதே சாதிப் பேரு, சர்டிஃபிகேட் மட்டும் வேற. அதனால்தான் ஆகஸ்ட் 10-ஐ கறுப்பு நாளாக அனுசரிக்கிறார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவையும் இந்த உரிமையைக் கேட்டுத் தீர்மானம் போட்டது.

இது கதையின் ஒரு பாதி. இந்தப் பாதியைப் பிரசங்க மேடையில் பேசுவது சுலபம், ஏன்னா எதிராளி டெல்லியில் இருக்கார்.

மற்ற பாதி கோயிலுக்குள்ளே இருக்கு. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டின கோயிலுக்கு இரண்டு கைகள், பீடத்தில் வந்து சேரும், கால்சட்டை மாதிரி. ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் நாடார். பீடத்தில் நிற்கும் குருவுக்கு இரண்டு பக்கமும் தெரியும். 1910-ல் கௌசானல் என்ற பிரெஞ்சுக் குரு நடுவிலிருந்த தடுப்பை இடித்தார். விஷயம் கோர்ட்டு வரைக்கும் போச்சு. ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் இதைப் பற்றி 'கிறித்தவமும் சாதியும்' என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கார், அவசியம் படிங்க. சாதி பார்த்துக் கோயில் கட்டினதும் குருக்கள்தான், இடிச்சதும் ஒரு குருதான்னு தெரியவரும்.

அது பழைய காலம்னு நினைச்சா, 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் இறையூரைப் பாருங்க. பங்கில் சமமாக நடத்தணும், இல்லாட்டி எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கன்னு தலித் கத்தோலிக்கர்கள் கேட்டதில் மோதல். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் கத்தோலிக்கர்கள் இரண்டு பேர் செத்தாங்க. இரண்டு தரப்பும் ஒரே மாதாவைக் கும்பிடுறவங்க. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவங்களைப் பிரிக்கும் சுவரைப் பற்றி நீங்க செய்தியில் பார்த்திருப்பீங்க.

திருச்சபைத் தலைமைக்கு இது தெரியாமல் இல்லை. சாதிப் பாகுபாட்டுக்குக் கிறிஸ்தவத்தில் இடமே இல்லை என்று இந்திய ஆயர்கள் 1982-லேயே சொல்லியாச்சு. 2003 நவம்பரில் ரோமுக்குப் போன தமிழக ஆயர்களிடம் இரண்டாம் ஜான் பால் நேருக்கு நேராகவே சாதியைப் பற்றிப் பேசினார். 2016 டிசம்பரில் ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கை ஆவணமே வெளியிட்டது. 2022-ல் ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். இந்த வரிசையில்தான் தலித் விடுதலை ஞாயிறும் வருது: நவம்பர் இரண்டாம் ஞாயிறு, கத்தோலிக்க ஆயர் பேரவையும் என்.சி.சி.ஐ. என்ற பிற சபைகளின் கூட்டமைப்பும் சேர்ந்து. ஒரே ஞாயிறை இரண்டு தரப்பும் அனுசரிப்பதே இந்தியாவில் அபூர்வம்.

என் குறை இந்த ஞாயிறு இருப்பதில் இல்லை. இருக்கணும். ஆனா இதை மறைபரப்பு ஞாயிறு பக்கத்தில் வச்சுப் பாருங்க. அங்கே சட்ட விதி இருக்கு, தொகை இருக்கு, அடுத்த வாரம் மைக்கில் கணக்கு இருக்கு. இங்கே பங்கு திங்கட்கிழமை யாருக்கும் எந்தக் கணக்கும் காட்ட வேண்டியதில்லை. பங்குப் பேரவையில் எத்தனை தலித் உறுப்பினர்கள், திருவிழாத் தேர் எந்தத் தெருவுக்குள் போகிறது, மறைமாவட்டப் பள்ளிகளில் வேலை யாருக்குக் கிடைத்தது, கல்லறையில் சுவர் இருக்கா. இதெல்லாம் எண்ணக்கூடிய விஷயங்கள். வாரம் ஒரு சூ என்று ஆயிரம் பேரிடம் கணக்கு வைத்த திருச்சபைக்கு இதை எண்ணுவது கஷ்டமா?

"ஒரு நாள் அனுசரிச்சா சாதி போயிடுமா"ன்னு கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. போகாது. ஆனா சாதியே இல்லாத மாதிரி நடந்துக்கிற ஒரு பங்கில், வருஷத்தில் ஒரு தடவையாவது அந்தச் சொல் மைக்கில் ஒலிக்குது. அந்தச் சொல்லைக் கேட்டு பெஞ்சில் யார் நெளியுறாங்க, யார் நிமிர்ந்து உட்கார்றாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

இப்போ அந்தக் காலண்டர் மோதலுக்கு வரேன். கிறிஸ்து அரசர் எப்பவும் நவம்பர் 20-லிருந்து 26-க்குள் விழும். அதுக்கு முந்தின ஞாயிறு வறியோர் நாள், அதாவது 13-லிருந்து 19-க்குள். நவம்பர் இரண்டாம் ஞாயிறு 8-லிருந்து 14-க்குள். ஆக, 13-ஆம் தேதியோ 14-ஆம் தேதியோ ஞாயிறாக இருந்தால் மட்டும் இரண்டும் மோதும். அந்த மாதிரி நாளில் பங்குத்தந்தைக்கு ஒரு சுலபமான வழி கிடைக்குது. வறுமையைப் பத்திப் பேசலாம். வறுமை எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும், வறியோருக்கு ஒரு வேளைச் சாப்பாடு போட்டு போட்டோவும் எடுக்கலாம். அந்த ஊரில் வறியவங்க ஏன் எல்லாரும் ஒரே தெருவில் இருக்காங்கன்னு பேச வேண்டிய அவசியம் இல்லாமல் போயிடும். பேசுகிற ஃபாதர்களும் இருக்காங்க. பேசினதுக்கு என்ன விலை கொடுத்தாங்கன்னு அவங்களைக் கேட்டுப் பாருங்க.

அடுத்த மோதல் 2027 நவம்பர் 14. காலண்டரில் ரிமைண்டர் போட்டு வச்சிருக்கேன். அன்னைக்கு நீங்க போற கோயிலில் எந்தப் பேர் மைக்கில் வந்ததுன்னு கேட்டு வையுங்க. அடுத்த எபிசோடில் சந்திக்கலாம்.