மோதும் கணத்தில் நிகழ்வது என்ன?

இரண்டு எஃகுக் குண்டுகள் மெல்ல வந்து மோதி விலகுகின்றன. 'டக்' என்று ஓசை கேட்கிறது; அவ்வளவுதான். மோதுமுன் இருந்த வேகத்தையும், மோதியபின் உள்ள வேகத்தையும் அளந்துவிடலாம். ஆனால் அந்த 'டக்'குக்குள் என்ன நடந்தது என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் 1644-இல் மோதலுக்கு ஏழு விதிகள் வகுத்தார். சிறிய பொருள் எத்தனை வேகமாக வந்து மோதினாலும் ஓய்விலிருக்கும் பெரிய பொருளை அசைக்க முடியாது என்பது அவற்றுள் ஒன்று! ஒரு சிறிய கோலியும் ஒரு பெரிய கோலியும் இருந்தால் இதன் தவறு புலப்பட்டுவிடும். 1668-இல் லண்டன் ராயல் சொசைட்டி இச்சிக்கலைக் கையிலெடுத்தது. வாலிஸ், ரென், ஹைகன்ஸ் மூவரும் சரியான விதிகளைத் தந்தனர்.

நியூட்டன் ஊசல்களில் உருண்டைகளைத் தொங்கவிட்டு மோதச் செய்தார். இறுகச் சுற்றிய கம்பளி உருண்டைகள், நெருங்கிய வேகத்தில் 9-இல் 5 பங்கோடு விலகின. கண்ணாடி உருண்டைகள் 16-இல் 15 பங்கோடு விலகின. 1687-இல் வெளியான அவரது நூலில் இவ்விவரம் உள்ளது. இவ்விகிதத்தையே மீட்சிக் குணகம் என்கிறோம். பொருளைப் பொறுத்த மாறிலி என்று தேர்விலும் எழுதுகிறோம்.

ஆனால் விசை எவ்வளவு என்று அக்குணகம் சொல்வதில்லை. குண்டுகள் சிறிதும் நசுங்காதவை என்று கொண்டால், நேரமே ஆகாமல் வேகம் மாறவேண்டும். அதற்கு முடிவிலா விசை வேண்டும். ஆகவே எஃகும் நசுங்கத்தான் வேண்டும்.

இதைக் கணக்கிட்டவர் ஹெர்ட்ஸ். மின்காந்த அலைகளால் பின்னாளில் புகழ்பெற்ற அதே ஹெர்ட்ஸ்தான். பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்சிடம் உதவியாளராக இருந்த அவருக்கு அப்போது 23 வயது. ஒன்றோடொன்று அழுத்திய இரு கண்ணாடி வில்லைகளிடையே நியூட்டன் வளையங்கள் தோன்றுமல்லவா? அழுத்தத்தால் கண்ணாடியே உருமாறினால் அவ்வளையங்கள் என்னவாகும்? 1880 கிறிஸ்துமஸ் விடுமுறையில் இக்கேள்விக்கு விடை கண்டார். சாதாரணச் சுருள்வில்லில் நசுங்கல் நான்கு மடங்கானால் விசையும் நான்கு மடங்கு. குண்டுகளிலோ எட்டு மடங்கு! நசுங்க நசுங்கத் தொடும் பரப்பும் விரிந்துகொண்டே போவதுதான் காரணம்.

25 மில்லிமீட்டர் ஆரமுள்ள இரு எஃகுக் குண்டுகள் நொடிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் மோதினால், 0.00038 நொடி ஒட்டியிருக்கும்; தொடும் வட்டத்தின் ஆரம் 0.13 மில்லிமீட்டர், பெரும விசை ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடை. ஹெர்ட்ஸ் அதோடு நிற்கவில்லை. பூமியளவு எஃகுக் கோளங்கள் அதே வேகத்தில் மோதினால் ஏறக்குறைய 27 மணி நேரம் ஒட்டியிருக்கும் என்றும் கணித்தார். விளையாட்டான கணக்குத்தான், ஆனால் மோதல் கணநேரத்தில் முடிவதல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஹெர்ட்ஸ் ஆற்றல் இழப்பைச் சேர்க்கவில்லை. இழப்பைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி கல்கத்தாவிலிருந்து வந்தது. மிக மெல்லிய மோதல்களைப் புகைப்பட முறையில் ஆராய்ந்த சி. வி. ராமன், வேகம் குறையக் குறையக் குணகம் 1-ஐ நெருங்குவதை 1918-இல் வெளியிட்டார். 'மாறிலி' மாறிலியல்ல!

இழப்பைக் கணக்கில் கொள்ளப் பொறியாளர்கள் ஒரு சுருள்வில்லையும், வேகத்துக்கேற்பத் தடுக்கும் ஓர் எண்ணெய் உருளையையும் சேர்த்துக் கற்பனை செய்தனர். இதில் ஒரு கோளாறு உண்டு. தொட்ட உடனேயே விசை திடீரெனத் தாவும். விலகும் வேளையிலோ குண்டுகள் பசை தடவியவைபோல் ஒன்றையொன்று இழுக்கும். 1975-இல் ஹண்ட், கிராஸ்லி இருவரும் தடையை நசுங்கலோடும் பெருக்கினர். நசுங்கல் இல்லையேல் தடையும் இல்லை. தாவலும் இழுப்பும் மறைந்தன. பற்சக்கரங்கள், இயந்திர மனிதனின் கைகள் ஆகியவற்றின் மோதல்களைக் கணிப்பொறியில் கணக்கிட இன்றும் இச்சமன்பாடு பயன்படுகிறது. சிறு வேகங்களில் இது தரும் குணகம் 1-ஐ நெருங்குகிறது. ராமன் கண்டதும் அதுவே.